தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு: பத்து வருடம் பணம் கட்டியவன் எழுதும் மதிப்பீடு

போன மாதம் அந்தக் குறுஞ்செய்தி மறுபடியும் வந்தது. மகனின் ஸ்டெம் செல் சேமிப்புக்கு ஆண்டுக் கட்டணம் 4,000 ரூபாய் நிலுவை, உடனே கட்டவும். இதற்கு முன் பத்து தடவை மறுபேச்சில்லாமல் கட்டியிருக்கிறேன். இந்தத் தடவை கட்டவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். தன்மையாகத்தான் பேசினார். "ஏன் சார் நிறுத்துறீங்க, எங்க பக்கம் ஏதாவது குறையா?" என்று கேட்டார். போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் விற்பது ஏறக்குறைய ஒரே சரக்குதான். நான் எடைபோடுவது அந்தச் சரக்கை.

ஈரோட்டில் கணக்கு எழுதுகிறேன். விசைத்தறி வைத்திருப்பவர்கள், மஞ்சள் மண்டிக்காரர்கள், இரண்டு மூன்று சாயப்பட்டறைகள் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் சின்ன வியாபாரிகள். போட்ட பணம் எங்கே போனது, என்ன திரும்பி வந்தது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் 2014 ஜனவரியில், மனைவிக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது, ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்த எங்களிடம் ஒரு இளைஞர் ஃபைலோடு வந்து பேசியபோது அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. குழந்தை பிறக்கும்போது தொப்புள்கொடியில் மிஞ்சும் ரத்தத்தை வீணாக்க வேண்டாம், அதில் ஸ்டெம் செல்கள், அதாவது புது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல செல்கள் இருக்கின்றன, எடுத்து உறையவைத்தால் பிற்காலத்தில் ரத்தப் புற்றுநோய் முதல் என்னென்னவோ வியாதிகளுக்கு மருந்தாகும் என்றார். என் மனைவி என் முகத்தைப் பார்த்தார். தலைப்பிள்ளை. சேர்க்கைக் கட்டணம் 17,000, அடுத்த வருடத்திலிருந்து ஆண்டுக்கு 4,000. கையெழுத்துப் போட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒரு வாரத்தில் தெர்மோகோல் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. உள்ளே ரத்தம் பிடிக்கும் பை, தாயின் ரத்தத்துக்குச் சின்னக் குழாய்கள், ஒட்டுவதற்கு ஸ்டிக்கர்கள், தமிழிலேயே அச்சடித்த குறிப்பு. பிரசவ வலி எடுத்தது நள்ளிரவில். மருத்துவமனைக்குப் போகும் பையோடு அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழந்தை பிறந்தது இரண்டரை மணிக்கு. அந்த நேரத்தில் போன் செய்தாலும் ஒருவர் எடுத்தார். காலை ஏழு மணிக்கு ஆள் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார், மாலைக்குள் ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மூன்று வாரம் கழித்துத் தடிமனான தாளில் ஒரு சான்றிதழ். அதை நிலப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்தோம்.

அப்புறம் ஏழு வருடம் அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

திறக்க வைத்தவள் என் மச்சானின் மகள். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறார். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர். பாப்பா 2015-ல் பிறந்தாள். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது முகம் வெளுத்து, பால் குடிக்கவே மூச்சு வாங்கியது. பரிசோதனை செய்து தலசீமியா மேஜர் என்றார்கள். உடம்பு சரியான ஹீமோகுளோபினைத் தயாரிக்காது. அம்மா, அப்பா இருவரும் அந்தக் குறையைச் சுமந்துகொண்டு, ஆனால் நோயில்லாமல் இருப்பவர்கள். அப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அவர்களுக்கு அது தெரியாது. எங்கள் யாருக்குமே தெரியாது.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தோடு சேரும் இரும்புச் சத்து இதயத்திலும் கல்லீரலிலும் தங்கிவிடும், அதை வெளியேற்றத் தினமும் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், டம்ளர் தண்ணீரில் மாத்திரையைப் போட்டு அவள் அம்மா ஸ்பூனால் கலக்கிக்கொண்டே இருக்கும் சத்தம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. முழுதாகக் கரையாது. சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். பாப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, அடியில் தங்கியதற்கு இன்னொரு வாய் தண்ணீர் ஊற்றி அதையும் குடிப்பாள். ஆறு வயதுக் குழந்தை, யாரும் சொல்லாமலே.

2021-ல் ஒரு நாள் மனைவி கேட்டார்: "நம்ம பையனோட ரத்தம் வெச்சிருக்கோமே, அதை இவளுக்குக் குடுக்க முடியாதா?" அன்றைக்குத்தான் பீரோவிலிருந்து சான்றிதழை எடுத்தேன்.

அதில் இரண்டு எண்கள் இருந்தன. ரத்தத்தின் அளவு 62 மில்லி. உட்கரு உள்ள செல்களின் மொத்த எண்ணிக்கை 42 கோடி. படித்தபோது பெரிய எண்ணாகத்தான் தெரிந்தது. மருத்துவரிடம் காட்டினோம். அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். தொப்புள்கொடி ரத்தத்தை மாற்றுச் சிகிச்சைக்கு, அதாவது நோயாளியின் பழுதான ஸ்டெம் செல்களுக்குப் பதிலாக நல்லவற்றை ஏற்றுவதற்குப் பயன்படுத்த, நோயாளியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது இரண்டரை முதல் மூன்று கோடி செல் வேண்டும். 42-ஐ மூன்றால் வகுத்தால் 14 கிலோ. இரண்டரையால் வகுத்தால் பதினேழு கிலோவைக்கூடத் தொடவில்லை. உறைநிலையிலிருந்து எடுக்கும்போது கொஞ்சம் செல்கள் சாகும், அதையும் கழிக்க வேண்டும். பாப்பா அப்போது 17 கிலோ. என் மகன் 23 கிலோ. அதாவது நான் யாருக்காகச் சேமித்தேனோ அவனுக்கே அந்தப் பை பற்றாது. இன்றைக்கு அவன் 36 கிலோ. வருடா வருடம் நான் பணம் கட்டக் கட்ட, அந்தப் பை அவனுக்குச் சிறியதாகிக்கொண்டே வந்திருக்கிறது.

பற்றினாலும் இன்னொரு சிக்கல் இருந்தது. ஒருவரின் செல்லை இன்னொருவரின் உடம்பு ஏற்க இருவரின் திசு வகையும் பொருந்த வேண்டும். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் திசு பொருந்துவது அபூர்வம். உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே முழுப் பொருத்தம் கிடைப்பது நாலில் ஒரு வாய்ப்புதான். மகனுக்கே ரத்தப் புற்றுநோயோ பிறவிக் கோளாறோ வந்தால்? அவனுடைய செல்லிலேயே அந்தக் கோளாறின் விதை இருக்கலாம் என்பதால் அவனுடைய சொந்த ரத்தத்தை அவனுக்கே கொடுக்க மருத்துவர்கள் பெரும்பாலும் விரும்ப மாட்டார்கள். ஸ்கேன் சென்டரில் காட்டிய நோய்ப் பட்டியலில் இருந்தவற்றில் பெரும்பாலானவை வேறொருவரின் ஸ்டெம் செல் வைத்துக் குணமாக்குகிறவை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சொந்தத் தொப்புள்கொடி ரத்தம் 20 வயதுக்குள் ஒரு குழந்தைக்கே தேவைப்படும் வாய்ப்பு 0.04 முதல் 0.0005 சதவீதம் என்பது மருத்துவ அமைப்புகள் சொல்லும் கணக்கு. 2,500 பேரில் ஒருவர் முதல் 2 லட்சம் பேரில் ஒருவர் வரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், பிற்காலத்தில் சொந்த உபயோகத்துக்கு என்று இதைச் சேமிக்க அறிவியல் அடிப்படை இல்லை என்கிறது. ஒரே ஒரு நிலையில் தனியார் சேமிப்பு தகும் என்கிறது: வீட்டில் மூத்த குழந்தைக்கு ஸ்டெம் செல்லால் குணமாக்கக்கூடிய நோய் இருந்து, தாய் அடுத்த குழந்தையைச் சுமக்கும்போது.

அந்த வரியைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அந்த நிலையில் ஒரு வீடு இருந்தது, என் மச்சான் வீடு. பாப்பாவுக்கு மூன்று வயதாகும்போது, 2018-ல், அவர்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தான். அவனுடைய தொப்புள்கொடி ரத்தம் அவளுக்குப் பயன்பட்டிருக்கக்கூடியது. உலகில் முதன்முதலாகத் தொப்புள்கொடி ரத்தத்தை வைத்துச் செய்த மாற்றுச் சிகிச்சையே அப்படிப்பட்டதுதான்: 1988-ல் பாரிஸில் எலியான் குளுக்மான் என்ற மருத்துவர், ஃபான்கோனி ரத்தசோகை என்ற பிறவி மஜ்ஜை நோய் இருந்த ஒரு ஐந்து வயதுப் பையனுக்கு, அப்போது பிறந்த அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்தினார். முப்பது வருடம் கழித்து, பள்ளிபாளையத்தில் ஒரு பிரசவ வார்டில் அதே ரத்தம் நஞ்சுக்கொடியோடு குப்பைக்குப் போனது. ஃபைலோடு யாரும் மச்சானைத் தேடி வரவில்லை. தறிக்கூலி வாங்கும் வீட்டில் 17,000 ரூபாய் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. தேவைப்படாத எனக்கு விற்றார்கள், தேவைப்பட்டவர்களுக்கு வழி சொல்ல ஆளில்லை. இந்தச் சேவையின் மேல் எனக்கிருக்கும் ஆகப்பெரிய மனக்குறை இதுதான். எந்தத் தனி நிறுவனத்தின் தவறும் இல்லை, சந்தை அப்படித்தான் ஓடும். அதனால்தான் இதைச் சந்தையிடம் மட்டும் விடக்கூடாது என்கிறேன்.

இனி என் தொழில் பக்கம் வருகிறேன்.

நான் கட்டியது 17,000 கூட்டல் 40,000. மொத்தம் 57,000. திரும்பி வந்தது ஒரு சான்றிதழ்.

மச்சான் வீட்டுக் கணக்கையும் ஒரு முறை உட்கார்ந்து போட்டேன். வருடத்துக்கு 17 தடவை ரத்தம். அரசு மருத்துவமனையில் ரத்தத்துக்குக் காசில்லை, பெரிய புண்ணியம். ஆனால் முதல் நாள் பரிசோதனை, மறுநாள் ஏற்றுவது என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் தறி நிற்கும். கூலி இழப்பு 1,300. பஸ், சாப்பாடு 400. பதினேழால் பெருக்கினால் 28,900. மாத்திரை இருப்பு இல்லாத மாதங்களில் வெளியே வாங்கியது வருடத்துக்கு சுமார் 11,000. ஆக 40,000-க்கு ஒரு நூறு குறைவு. இன்றைய விலையிலேயே நாற்பது வருடத்துக்குப் போட்டால் 16 லட்சம். இதில் அரசு செலவழிக்கும் ரத்தம், பரிசோதனை, மருந்து, படுக்கை எதுவும் சேரவில்லை. பாப்பா தவறவிட்ட பள்ளி நாட்கள் சேரவில்லை. அவள் அம்மா வேலைக்கே போகாமல் இருந்தது சேரவில்லை.

2021 கடைசியில் பாப்பாவின் தம்பிக்குத் திசுப் பரிசோதனை செய்தார்கள். முழுப் பொருத்தம். 2023-ல் வேலூரில், அவனுடைய எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை எடுத்து அவளுக்கு ஏற்றும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்தது. மத்திய அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியா 2017-லிருந்து நடத்தும் தலசீமியா பால் சேவா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரைக்கும் கொடுக்கிறார்கள், குடும்ப வருமான வரம்பு உண்டு. அதற்கான வருமானச் சான்று, விண்ணப்பம், எல்லாத் தாளையும் நான்தான் தயார் செய்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எந்த ஃபைலையும் கட்டியதில்லை. இரண்டு வருடம் ஆகிவிட்டது. ரத்தம் ஏற்றுவது நின்றுவிட்டது. மாத்திரை கலக்கும் டம்ளர் இப்போது வேறு எதற்கோ இருக்கிறது.

ஒருமுறை செலவழித்த 10 லட்சம், வாழ்நாள் முழுக்கக் கரைந்துகொண்டே இருந்திருக்கும் 16 லட்சத்தையும் அதற்கு மேல் அரசின் செலவையும் நிறுத்தியது. இது கணக்கு. ஆனால் அந்த 10 லட்சத்துக்கு அந்தச் சிகிச்சை எப்படிக் கிடைத்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ல் தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளியிடமும் கற்று, எந்தக் குழந்தைக்கு எவ்வளவு மருந்து, யாருக்கு ஆபத்து அதிகம், எப்படிச் செலவைக் குறைப்பது என்று எழுதி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அது ஆராய்ச்சி. அதற்குச் சம்பளம் கொடுத்தவர்கள் உண்டு, கருவி வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. பாப்பாவுக்கு வேலை செய்தது அந்தப் பொதுப் பணம். எங்கள் பீரோவில் இருந்த தனிப் பணம் செய்யவில்லை.

வேலூரிலேயே 2005-ல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியோடு ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். 2024 டிசம்பரில் அங்கிருந்து ஒரு முடிவு வெளியானது. படித்துவிட்டு நான் மனைவியை எழுப்பிச் சொன்னேன். ஹீமோஃபிலியா ஏ என்ற நோய் இருப்பவர்களுக்கு ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி என்ற புரதம் போதிய அளவு இருக்காது, சின்னக் காயத்துக்கும், காயமே இல்லாமல் மூட்டுக்குள்ளும் ரத்தம் கசியும். ஐந்து பேரிடமிருந்து அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து, அதில் சரியான மரபணுவை வைத்து, மறுபடி உடம்புக்குள் செலுத்தினார்கள். ஐந்து பேரையும் கவனித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதம். அந்தக் காலத்தில் அவர்களுக்கு ரத்தக்கசிவு ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த வேலை, உயிரித் தொழில்நுட்பத் துறையின் பணம். ஐந்து பேர் என்பது சின்ன எண், இன்னும் நிறையப் பேரிடம் பார்க்க வேண்டும், தெரியும். ஆனால் இதே நோய்க்கு, வேறு முறையில், அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்ற மரபணு மருந்துக்கு அப்போது வைத்த விலை ஒருவருக்கு 29 லட்சம் டாலர். நம் பணத்தில் இருபது கோடி ரூபாய்க்கு மேல். அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கும் தலசீமியாவுக்கும் ஸ்டெம் செல்லைத் திருத்திச் செய்யும் காஸ்ஜெவி என்ற சிகிச்சை அங்கே 22 லட்சம் டாலர். இந்த விலைக்கு வாங்கி நம் அரசு யாருக்குக் கொடுக்க முடியும்? கண்டுபிடிப்பு இங்கேயே நடந்தால் விலையை முடிவு செய்யும் இடத்தில் நாமும் இருப்போம். ஆராய்ச்சிக்குப் பணம் போடுவதற்கு இதைவிடப் பெரிய பொருளாதாரக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆராய்ச்சி விலையைக் குறைக்கும் என்பதற்குக் கண் மருத்துவத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் சாயப்பட்டறை இருப்பதால் கண்ணில் ரசாயனம் பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கருவிழியின் ஓரத்தில் இருக்கும் ஸ்டெம் செல்கள் அழிந்துவிட்டால் பார்வை மங்கிக்கொண்டே போகும். நல்ல கண்ணிலிருந்து கொஞ்சம் எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து ஒட்டுவதுதான் முதலில் வந்த முறை. அதற்குத் தூய அறை, வளர்க்க ஆள், வாரக்கணக்கில் நேரம், பெரிய செலவு. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் மருத்துவர் விரேந்தர் சங்வானும் குழுவினரும், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் சதுரத் துண்டை எடுத்து, அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, பனிக்குடச் சவ்வின் மேல் வைத்து, பாதிக்கப்பட்ட கண்ணிலேயே வளரவிட்டார்கள். 2012-ல் வெளியிட்டார்கள். ஆய்வகமே தேவையில்லை. ஒரே அறுவைச் சிகிச்சை. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்த அனுபவம் பல வருடம் இருந்ததால்தான் ஆய்வகம் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது.

கலிஃபோர்னியா மாநிலக்காரர்கள் இதற்காகவே 2004-ல் ஓட்டுப் போட்டு 300 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள், 2020-ல் மறுபடி 550 கோடி டாலர். முதல் பணத்தால் 1,070 கோடி டாலர் அளவுக்குப் பொருளாதார நடவடிக்கையும் 56,000 வேலைகளும் உண்டானதாக 2019-ல் ஓர் அறிக்கை வந்தது. அந்த மாதிரி அறிக்கைகளில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. பாலம் கட்டினாலும் வேலை உண்டாகும். ஆனால் அந்தப் பணத்தின் உதவியோடு, நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்லைத் திருத்திக் கொடுத்தார்கள். ஐம்பது குழந்தைகளில் 48 பேருக்குப் பலன் கிடைத்ததாக 2021-ல் வெளியிட்டார்கள். இல்லையென்றால், பொருந்தும் கொடையாளரும் கிடைக்காவிட்டால், அந்தக் குழந்தைகளுக்குக் கண்ணாடி அறையும் வாழ்நாள் ஊசியும்தான். எந்த அறிக்கையையும்விட அந்த 48 எனக்குப் புரிகிற கணக்கு.

மறுபடி நம் ஊர்ச் சேவைக்கு வருகிறேன். யார் வாங்கலாம் என்று கேட்டால், மூத்த குழந்தைக்குத் தலசீமியாவோ அப்படிப்பட்ட ரத்த நோயோ இருந்து அடுத்த குழந்தையை எதிர்பார்க்கும் வீடு, தன் ரத்தவியல் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்கட்டும். கடன் வாங்கியாவது வாங்கட்டும். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே சேமித்தவர்கள் இன்றைக்கே சான்றிதழை எடுத்து மொத்த செல் எண்ணிக்கையை மூன்று கோடியால் வகுத்துப் பாருங்கள். வருவது எத்தனை கிலோ, உங்கள் பிள்ளை எத்தனை கிலோ? இப்போது பல குடும்பங்களின் ரத்தத்தை ஒன்றாகப் பொதுவில் வைத்துத் தேவைப்படுபவருக்குக் கொடுக்கும் திட்டங்களும் வந்திருக்கின்றன. தனித்தனியாக வைப்பதைவிட அது மேல். ஆனாலும் பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்குள் மட்டும்தான் அந்தப் பொது.

இன்னொன்று, பிரசவத்தின்போது யாரும் எங்களிடம் சொல்லாதது. குழந்தை பிறந்து ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்துத் தொப்புள்கொடியை வெட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ரத்தம் குழந்தைக்குள் போனால் இரும்புச்சத்துக் குறைவு வராமல் காக்கும். பை நிறைய வேண்டும் என்று சீக்கிரம் வெட்டினால் அது குழந்தையிடமிருந்து எடுத்ததுதான்.

ஸ்டெம் செல் என்ற பெயரில் ஆட்டிசம், மூளை வாதம், மூட்டுவலி, சர்க்கரை என்று எல்லாவற்றுக்கும் ஊசி போடும் இடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என்னிடம் வரும் ஒருவர் மகனுக்காக வீட்டை அடமானம் வைத்து நான்கு ஊசி போட்டுவிட்டு வந்தார். பையனிடம் மாற்றம் இல்லை, வட்டி மட்டும் ஓடுகிறது. ரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர மற்றவை முறையான ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும், ஆய்வில் சேருகிறவரிடம் காசு வாங்கக் கூடாது என்பது அதே 2017 வழிகாட்டுதல். உங்களிடம் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நம்மிடம் நல்ல ஆராய்ச்சிக்குப் பணம் குறைவாக இருப்பதால்தான் நம்பிக்கையை விற்கிறவர்களுக்கு இடம் கிடைக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

காசே இல்லாமல் கிடைக்கும் ஒரு சேவையையும் பயன்படுத்திப் பார்த்தேன். ரத்த ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேடு. சென்னையில் 2009-லிருந்து தாத்ரி என்ற பதிவேடு இருக்கிறது. பொதுத் தொப்புள்கொடி வங்கியாகத் தொடங்கிய ஜீவன் ஸ்டெம் செல் அறக்கட்டளையும் சென்னைதான். 18 முதல் 50 வயது வரை சேரலாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கிறார்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. எப்போதாவது யாருக்காவது பொருந்தினால் ஐந்து நாள் ஊசி போட்டு, கையிலிருந்து ரத்தத்தை எடுத்து ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியைத் திருப்பி ஏற்றுவார்கள். சில மணி நேர வேலை. தம்பியோ தங்கையோ பொருந்தாத முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் பட்டியல் முக்கியமான வழி. எனக்கு 46 வயது, நான் சேர்ந்துவிட்டேன். மனைவியும் சேர்ந்துவிட்டார்.

நட்சத்திரம் கொடுக்க வேண்டுமென்றால், வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போன வேகத்துக்கும் மரியாதைக்கும் ஐந்துக்கு ஐந்து. கட்டிய பணத்துக்குக் கிடைத்ததற்கு ஒன்று. அந்த 4,000 ரூபாயை இந்த வருடம் வேலூர் மருத்துவமனையின் ஏழை நோயாளிகளுக்கான நிதிக்கு அனுப்பிவிட்டேன்.

கொழுந்தியாளுக்கு இப்போது நான்காம் மாதம். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் அவளிடமும் ஒரு ஃபைலைக் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி போன் செய்து, "மாமா, இதை எடுக்கலாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அண்ணனுக்கு இருக்கும் குறை அவளுக்கும் இருக்கலாம் அல்லவா, அதனால் நாளைக்கே இரண்டு பேரும் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை செய்யுங்கள், மாப்பிள்ளையை விட்டுவிடாதே என்றேன். நேற்று ரிப்போர்ட் வந்தது. அவளுக்கு இருக்கிறது. மாப்பிள்ளைக்கு இல்லை.